கொல்லைக்குப் போன குடும்பம்

எங்கள் குடும்பம் ஒரு சுரைக்காயில் தொடங்கியது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், உண்மை அதுதான். என் கொள்ளுத் தாத்தா திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், யாரும் சீந்தாத ஒரு செம்மண் மேட்டை வாங்கினார். முதல் வருஷம் அதில் நெல் போட்டார். மேட்டில் நெல் போட்ட மனுஷர் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். கருகிப் போயிற்று. அடுத்த வருஷம் கேழ்வரகு. அதை ஊர் ஆடுகள் தின்றுவிட்டுப் போயின. அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சமயத்தில், எருக்குழியில் யாரும் விதைக்காத ஒரு சுரைக்கொடி முளைத்து, குடிசைக் கூரைமேல் ஏறி, காய்த்துத் தள்ளியதாம். ஊரார் வந்து காய் கேட்டார்கள். அன்றைக்கே அவர் காய்கறிக்காரர் ஆகிவிட்டார். சாகிற வரைக்கும், "இந்த மண்ணுக்குச் சொரதான்னு நான் அப்பவே கணக்குப் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கு இது ரத்தத்தில் ஊறிய குணம். தானாக நடந்ததை எல்லாம் தாங்கள் நடத்தியதாகச் சொல்வார்கள்.

தாத்தா கத்தரிக்காய் பிடித்துக்கொண்டார். மாட்டுவண்டியில் காயை ஏற்றிக்கொண்டு கோவளம் போவார். திரும்பி வரும்போது வண்டி நிறைய மீன் கழிவும் கெட்டுப்போன கருவாடும் வரும். அதைக் காயவைத்து, இடித்து, செடிக்கு எருவாகப் போடுவார். கத்தரிக்காய் எண்ணெய் பூசியது மாதிரி பளபளவென்று காய்த்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாற்றம் இருக்கிறதே, அது எங்களோடு சந்தைக்கு வந்தது, கோயிலுக்கு வந்தது, என்னோடு பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. எங்கள் வகுப்பில் எனக்கு மட்டும் ஒரு பெஞ்சு முழுசாகக் கிடைத்தது. படிப்பு ஏறவில்லை என்றாலும் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அப்பா காலத்தில் ஏற்றம் போய் ஆயில் இன்ஜின் வந்தது. வாங்கியது அப்பா. ஆனால் அது அம்மா பேச்சைத்தான் கேட்கும். அப்பா எத்தனை சுற்று சுற்றினாலும் இருமிவிட்டு நின்றுவிடும். அம்மா வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னாடா, ஒனக்கு இன்னிக்கு இன்னா கேடு" என்று நாலு வார்த்தை திட்டி ஒரு சுற்று சுற்றினால், சொன்னபடி கேட்கும். புகை கிளம்பியதும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் சூடு பண்ணி வெச்சேன், அதான் ஒடனே புடிச்சிக்கிச்சு" என்பார். சொன்னேன் இல்லையா, ரத்தம் என்று.

அந்தக் காலத்தில் மாமல்லபுரத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள், தலைமுடியை வளர்த்துக்கொண்டு, கல் கோயில்களைப் பார்த்து முடித்துவிட்டு, எங்கள் பக்கமும் சுற்றிக்கொண்டு வருவார்கள். எங்கள் பந்தலில் புடலங்காய் தொங்கும். வளையாமல் நீளமாக வளரட்டும் என்று நுனியில் கல் கட்டிவிட்டிருப்போம். ஒருத்தன் அதையே வெகு நேரம் பார்த்துவிட்டு, கையைக் காலை ஆட்டி என்னிடம் ஏதோ கேட்டான். அந்தக் காய் என்ன தப்பு செய்தது, ஏன் அதற்கு இந்தத் தண்டனை என்று கேட்பதாக நான் புரிந்துகொண்டேன். "வளையற புத்தி இருந்தா கல்லு கட்டத்தான் செய்வாங்க" என்று தமிழிலேயே பதில் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

இப்படி மூன்று தலைமுறையாக அந்த நிலத்துக்கு ஒரே பெயர்தான். எங்கள் பக்கத்தில் நெல் விளைகிற நிலம் கழனி. மேட்டு நிலத்தில் காயோ கம்போ எது விளைந்தாலும் அது கொல்லை. பேச்சில் கொல்லி. "கொல்லிக்குப் போறேன்" என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். இதற்கு உலகத்தில் வேறு அர்த்தம் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கலியாணம் வரைக்கும் போய் மானம் கப்பலேறின பிறகுதான் தெரிந்தது.

நான் ஒரே பெண். தாத்தா போகும்போது மேட்டை இரண்டாக வகுந்து, பாதி அப்பாவுக்கு, பாதி சித்தப்பாவுக்கு என்று கொடுத்துவிட்டுப் போனார். சித்தப்பாவுக்கு எல்லாமே ஆம்பிளைப் பிள்ளைகள். கத்தரிச் செடியையும் சுண்டைச் செடியையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று அதுகளுக்குத் தெரியாது. இருந்தாலும் சித்தப்பா எங்கள் வரப்பில் வந்து நின்றுகொண்டு, எங்கள் பாத்திகளைத் தன் பாத்தி மாதிரியே பார்ப்பார். "இன்னா இருந்தாலும் பொண்ணு நாளைக்கு ஒருத்தன் வூட்டுக்குப் போறதுதானே அண்ணே. கொல்லி எங்க பூடும், நம்ப பசங்க கிட்டத்தான் இருக்கும்" என்பார். அப்பா அதற்கு ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அந்த மௌனத்தைக் கேட்டுக்கேட்டே எனக்கு வயிறு எரியும். நாற்று விட்டவள் நான், களை எடுத்தவள் நான், திருக்கழுக்குன்றம் சந்தையில் தொண்டை கிழியக் கத்தி விற்றவள் நான். கலியாணம் என்று ஒன்று நடந்தால் அத்தனையும் போய்விடும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் வெயிலில் போகக் கூடாது, நிழலிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். காளானைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் தரகர் கொண்டுவந்ததுதான் அந்தத் தஞ்சாவூர் சம்பந்தம். பையனுக்குச் செங்கல்பட்டில் சர்க்கார் உத்தியோகம். அப்பா இல்லை, அம்மா மட்டும். இந்தப் பக்கம் சொந்த வீடு கிடையாது, வாடகை அறை. எங்கள் ஊரிலிருந்து காலையில் செங்கல்பட்டுக்கு ஒரு பஸ் இருந்தது. அதில் அவன் வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் திரும்பிவிடலாம். நான் கொல்லையை விட்டு நகரவே வேண்டாம். பையன் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையைவிட அந்த பஸ்ஸைத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

பெண் பார்க்க ஒரு நாள் குறித்தார்கள். ஆனால் பையனின் அம்மா கெட்டிக்காரி. குறித்த நாளில் போனால் வீட்டைக் கழுவி மெழுகி வைத்திருப்பார்கள், சொல்லாமல் போய்ப் பார்த்தால்தான் குட்டு தெரியும் என்று, முந்தின வாரமே தனியாக பஸ் ஏறி வந்துவிட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் விசாரித்தார். தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்புறம். கொல்லைக்குப் போவது என்றால் எதற்குப் போவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேச்சை டீக்கடைக்காரரும் என் மாமியாரும் பிற்பாடு எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகிறது.

"இந்த வீட்டுல யாரும் இல்லீங்களா?"

"எல்லாரும் கொல்லிக்குப் பூட்டாங்கம்மா."

"எல்லாருமா?"

"அப்பன், ஆத்தா, பொண்ணு, மூணு பேரும். விடியறதுக்குள்ள பூடுவாங்க. பொழுது சாஞ்சுதான் வருவாங்க."

"அப்ப சாப்பாடு?"

"அத்தையும் எடுத்துக்கினு பூடுவாங்க. கொல்லியிலியே குந்திக்கினு துன்னுவாங்க."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாராம். கொஞ்சம் தெளிந்த பிறகு, "எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

"நாளா? பரம்பரையாவே அப்படித்தான். இதுங்க தாத்தன் உசுரே கொல்லியிலதான் போச்சு."

"ஐயோ பாவமே. பொண்ணுக்கும் உண்டா?"

"அதுதாம்மா எல்லாரையும் வுட ஜாஸ்தி. ஒரு நாளு கொல்லிக்குப் போவலன்னா அதுக்குத் தூக்கமே வராது."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

டீக்கடைக்காரருக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. ஆனாலும் ஊர்ப் பெண்ணை விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும் என்று நல்லெண்ணத்தில், "டாக்டரு எதுக்கும்மா? திருக்கழுக்குன்றம் சந்தையில வந்து பாருங்க, இவங்க கொல்லியில இருந்து வர்றத ஜனங்க சண்ட போட்டுகினு வாங்குது" என்று சொல்லியிருக்கிறார். போட்ட டீயைக் குடிக்காமல் மாமியார் எழுந்து போய்விட்டார்.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது; வந்து விசாரித்தது யார் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியாது. மறுநாளே பஸ் கண்டக்டரிடம் ஒரு பொட்டலம் வந்தது. டீக்கடைக்காரர் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். "பையனோட அம்மா பொண்ணுக்குக் குடுத்தனுப்பிச்சாங்க. காலையில வெறும் வவுத்துல மோர்ல கலக்கிக் குடுக்கணுமாம்." பழுப்பாக ஒரு பொடி. கலியாணத்துக்கு முன்னாலேயே பெண்மேல் இத்தனை கரிசனமா என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தஞ்சாவூர் பக்கம் பொண்ணுங்களுக்குக் கலரு வர்றதுக்கு இப்படித்தான் குடுப்பாங்க போலக்கீது" என்று அவளாகவே முடிவு கட்டி, தினமும் காலையில் ஒரு சொம்பு கலக்கி என் வாயில் ஊற்றினாள். நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும் அளவுக்குத் துவர்ப்பு. கலர் வந்ததோ இல்லையோ, போக வேண்டிய இடத்துக்குப் போவதை நான் அடியோடு மறந்துபோனேன். வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. குனிந்து களை எடுக்க முடியவில்லை. அம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒரு களை வந்துகீது" என்றாள். அது வலி.

இந்த நிலைமையில்தான் தரகர் வந்தார். செருப்பைக் கழற்றவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

"அந்த இடம் சரிப்பட்டு வராதாம். பொண்ணு வூட்டுல ஏதோ வியாதி இருக்குதுன்றாங்க" என்றார்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வியாதியா? எங்க வூட்டுலயா? இன்னா வியாதி?"

"அதத்தான் நானும் கேட்டேன். அப்பா, அம்மா, பொண்ணு மூணு பேரும் விடிஞ்சா கொல்லிக்குப் போயி, இருட்டினாத்தான் வர்றாங்களாம். பரம்பரையாவே அப்படித்தானாம்."

"ஆமா, போறோம். வியாதி இன்னான்னு சொல்லுய்யா."

"அதாம்பா வியாதின்றாங்க."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. "ஒழைக்கிறது அவங்களுக்கு வியாதியா? காவேரித் தண்ணியில கால நீட்டிக்கினு துன்னவங்களுக்கு ஒழைக்கிறவனப் பாத்தா வியாதிக்காரனாத்தான் தெரியும்" என்று குதித்தார். தரகர் அதற்கும் தலையாட்டினார். தரகர்கள் எதற்கும் ஆட்டுவார்கள்.

சத்தம் கேட்டு சித்தப்பா வந்துவிட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. விஷயத்தைக் கேட்டதும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னு பேராயிடுச்சு, இனிமே எவன் வருவான். பரவால்ல அண்ணே, நம்ப வூட்டோட ஒரு மூலையில இருந்துட்டுப் போவட்டும். கொல்லிய என் பசங்க பாத்துப்பானுங்க."

மூலையில். என்னை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தேன். எழுந்த எரிச்சலில்தான் எனக்கு மூளை வேலை செய்தது என்று நினைக்கிறேன். வியாதி என்றவர்கள் அனுப்பியது வேறென்னவாக இருக்கும்? "எம்மா, அந்தப் பொடிய எடுத்தா" என்றேன். அம்மா கொண்டுவந்ததை வாங்கி சித்தப்பாவின் உள்ளங்கையில் கொட்டி, நக்கிப் பார்க்கச் சொன்னேன். நக்கினார். முகம் கோணிக்கொண்டது. "மாதுளம் ஓடு" என்றார். "இத வவுத்தால போவுறவங்களுக்கு இல்ல குடுப்பாங்க?"

தரகர் நெற்றியில் படார் என்று அடித்துக்கொண்டார். அவருடைய மச்சினிச்சியைக் கும்பகோணத்தில் கொடுத்திருந்தது. அங்கே போயிருந்தபோது, அவர் தோட்டத்தைப் பார்க்க, கொல்லிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியதும் ஒரு செம்பில் தண்ணீரைக் கொடுத்தார்களாம். தாகத்துக்கு என்று நினைத்துக் குடித்துவிட்டாராம். அதை இப்போதுதான் சொன்னார்.

அம்மா சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின. ஆனால் அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மூணு தலமொறையா பேதி புடிச்ச குடும்பம்னு நெனைச்சவங்க வூட்டு சகவாசமே வேணாம். நானா போயி எங்களுக்கு நல்லாத்தான் வவுறு இருக்குதுன்னு சொல்லணுமா?" என்று துண்டை உதறிவிட்டுப் போனார். சித்தப்பா பின்னாலேயே போய், அதுதான் சரி அண்ணே என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தைக்காக என் பஸ் போய்விடும் போல இருந்தது.

அம்மாதான் தரகரை வாசல் வரைக்கும் கொண்டுவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "வூட்டுக்குக் கூட்டியாராத. பையனையும் அந்தம்மாவையும் நேரா கொல்லிக்குக் கூட்டியா. கண்ணால பாக்கட்டும்."

வந்தார்கள். நாங்கள் வெண்டை பறித்துக்கொண்டிருந்தோம், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் வரப்பில் நின்று, பந்தலையும் பாத்திகளையும் கல் கட்டின புடலங்காய்களையும் ஒரு சுற்று பார்த்தார். "இதுதான் கொல்லையா?" என்றார்.

"இதான் கொல்லி" என்றாள் அம்மா.

மாமியார் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா இருமலா என்று தெரியாமல் உடம்பு குலுங்கியது. "எங்க ஊருல..." என்று ஆரம்பிப்பார், முடிக்க முடியாது. அப்பா விறைப்பாகத்தான் நின்றார். ஆனால் மீசை ஆடியது, நான் பார்த்தேன். பையனுக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து என் வெண்டைப் பாத்தியில் காலை வைத்தான்.

"ஐயே, பாத்திய மிதிக்காத" என்றேன். கட்டிக்கொள்ளப்போகிறவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். பயந்து அந்தப் பக்கம் தாவினான். "அங்க கீரை வெதச்சிருக்கு." ஒற்றைக் காலில் நின்றான். "அப்ப காலை எங்கதான் வைக்கிறது?" என்று கேட்டான். கோபமில்லாமல் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அந்த இடத்தில் எனக்கு அவனைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

சித்தப்பா கூப்பிடாமலே வந்து சேர்ந்திருந்தார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "இவ்வளவையும் இந்தப் பொண்ணா பாக்குது? கல்யாணத்துக்கு அப்புறம் யாரு பாப்பாங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

"எங்க பசங்க கீறானுங்க" என்றார் சித்தப்பா, கேட்ட மாத்திரத்தில்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த அந்த மௌனம்தான் மறுபடி வந்தது. என் கையில் இருந்த வெண்டைக்காயை நான் ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் இவர் பேசவில்லை என்றால் இனிமேல் எப்போதும் பேசமாட்டார், அதோடு தீர்ந்தது என்று தோன்றியது.

"இன்னாத்துக்கு என்னிய கேக்குறீங்க?" என்றார் அப்பா. கொஞ்சம் எரிச்சலாகக்கூடச் சொன்னார். "அது அவ கொல்லி. அவளக் கேளுங்க."

எங்கள் குடும்பத்தில் கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து யார் வாயிலும் ஒரு பெண்ணைப் பற்றி 'அவ கொல்லி' என்ற வார்த்தை வந்ததில்லை. நான் ஏதோ சொல்லப் போனேன், குரல் வரவில்லை. சந்தையையே கிடுகிடுக்க வைக்கிற என் குரல். தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை, விட்டுவிட்டு வரமாட்டேன் என்று. பையன் இன்னும் ஒற்றைக் காலில்தான் நின்றான். "இங்கேருந்து செங்கல்பட்டுக்குக் காலையில பஸ் இருக்கும்மா. நான் விசாரிச்சுட்டேன்" என்றான்.

அம்மா இன்ஜின் பக்கத்தில், கையெல்லாம் எண்ணெயாக நின்றுகொண்டிருந்தாள். "பாத்தீங்களா சம்மந்தி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எனக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து இங்கதான் கீறேன். ஒரு தபா கூட என்னிய பாத்து இப்படி ஒரு வார்த்த சொல்லல இந்த மனுசன்."

"எங்க வீட்டுல இருந்தவரும் சொன்னதில்லீங்க" என்றார் மாமியார்.

இருவரும் சிரித்தார்கள். அப்பா எங்கேயோ பார்த்தார். சிரிப்பு நின்ற பிறகும் அந்த இரண்டு பெண்களும் நகராமல் அங்கேயே நின்றார்கள். அவர்களுக்குக் கிடைக்காத வார்த்தை எனக்குக் கிடைத்துவிட்டதே என்று அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் வாய்க்கால் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையைத் திருப்பினேன்.